வாழும் ஊரும் அதன் காலநிலையும்

வீடு வாங்க நினைப்பவர்கள் மனையின் விலை, குடிநீர், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து வசதி எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். அந்த ஊரில் மே மாதத்து இரவு எப்படிக் கழியும், நவம்பர் மழையில் தெருவில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கும் என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் அங்கே குடியேறிய பிறகு தூக்கமும் உழைப்பும் உடல்நலமும் மின்கட்டணமும் பெருமளவுக்கு அந்தக் காற்றையும் மழையையும் பொறுத்தே அமையும்.

வானிலை என்பது இன்றைய நிலை. காலநிலை என்பது பல ஆண்டுகளின் போக்கு. ஓர் ஊரின் காலநிலையைச் சொல்ல 30 ஆண்டுப் பதிவுகளின் சராசரி வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் நெறி. இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான சராசரி. ஜனவரியில் சுற்றுலா போன இடத்தில் நான்கு நாள் இதமாக இருந்தது என்பதை வைத்து ஊரை முடிவு செய்வது, இந்த 30 ஆண்டுகளில் நான்கே நாட்களைப் பார்த்து முடிவெடுப்பதாகும்.

உலகின் காலநிலைகளை வகைப்படுத்தி முதல் வரைபடத்தை 1884-இல் வெளியிட்டவர் விளாடிமிர் கோப்பென். பின்னர் அவர் வெப்பநிலையோடு மழையையும் சேர்த்து, எந்த இடத்தில் எந்தத் தாவரம் வளரும் என்பதை அடிப்படையாக்கினார். அவருடைய முறைப்படி சென்னை வறண்ட பருவம் கொண்ட வெப்பமண்டல ஊர். கோயம்புத்தூர் அரை வறட்சி ஊர். உதகமண்டலம் மிதவெப்ப மலையூர். சில நூறு கிலோமீட்டருக்குள் மூன்று வேறு உலகங்கள் இருப்பதால், தென்னிந்தியாவில் வாழ்பவருக்குக் காலநிலையைத் தேர்ந்தெடுக்க நாட்டைவிட்டுப் போக வேண்டிய தேவை இல்லை.

சராசரி மறைப்பவை

ஓர் ஊரைப் பற்றி முதலில் கிடைக்கும் எண் ஆண்டுச் சராசரி வெப்பநிலை. ஊரைத் தேர்வதற்கு அதைப்போல் உதவாத எண் வேறில்லை. சென்னைக்கும் வேலூருக்கும் அந்தச் சராசரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. வாழ்ந்து பார்த்தவர்களுக்கோ இரண்டும் வேறுவேறு. வேலூரில் கோடைப் பகல் 40 டிகிரியை எளிதில் தொடும். ஜனவரி விடியற்காலையில் போர்வை தேவைப்படும். சென்னையில் கடல் இரண்டு முனைகளையும் மழுக்கிவிடுகிறது. பகல் சற்றுக் குறைவு. ஆனால் மே மாத விடியலில்கூட வெப்பமானி 28 டிகிரிக்குக் கீழே இறங்கத் தயங்கும்.

இந்தக் கடைசி எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தூங்கும்போது உடலின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். அறை சூடாக இருந்தால் அது நடப்பதில்லை. தூக்கம் துண்டு துண்டாகிறது. பகல் வெயிலிலிருந்து நிழலுக்கு ஒதுங்கலாம். சூடான இரவிலிருந்து ஒதுங்க, குளிர்சாதனம் இல்லாதவர்களுக்கு இடமே கிடையாது. வெப்ப அலைகளின்போது முதியவர்கள் இறப்பதற்கு, பகலில் ஏறிய சூடு இரவிலும் இறங்காமல் இருப்பது ஒரு முக்கியக் காரணம். ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் ஏப்ரல் பகல் 34 டிகிரி வரை போனாலும் விடியலில் 22-க்கு இறங்கிவிடும். ‘பெங்களூர் குளுகுளு’ என்ற பெயருக்குப் பாதிக் காரணம் அதன் இரவுகள்.

வியர்வையின் கணக்கு

மனித உடல் தன் உள்வெப்பத்தை 37 டிகிரியை ஒட்டி வைத்திருக்க வேண்டும். காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பம் தானாகவே வெளியேறும். காற்றின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதியால்தான். ஆனால் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது. உடலில் வழிந்து சட்டையை நனைக்குமே தவிர, குளிர்விக்காது. மதுரையில் 38 டிகிரி வெயிலில் நிழலில் உட்கார்ந்தால் ஆசுவாசம் கிடைப்பதும், கடற்கரை நகரத்தில் 35 டிகிரியிலேயே புழுங்குவதும் இதனால்தான்.

வானொலியும் செல்பேசியும் சொல்லும் ‘ஒப்பு ஈரப்பதம்’ இந்தப் புழுக்கத்தை அளக்க ஏற்றதல்ல. அது, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. சூடான காற்று மிக அதிக நீராவியைத் தாங்கும். உதகையில் 10 டிகிரி மூடுபனியில் ஒப்பு ஈரப்பதம் 100 சதவீதம். ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீராவி 9 கிராம் சொச்சம். சென்னையில் 35 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் அதே கன மீட்டரில் 20 கிராம் இருக்கிறது. பாதி என்று ஒலிக்கும் எண், உண்மையில் இரண்டு மடங்கு ஈரம்.

பார்க்க வேண்டிய அளவு பனிப்புள்ளி. காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் நீர்த்துளி படியத் தொடங்குமோ அதுவே பனிப்புள்ளி. அது 16 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலோருக்கு இதம். 21-ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு தெரியும். 24-க்கு மேல் போனால் விசிறி இல்லாமல் உட்கார முடியாது. சோழமண்டலக் கடற்கரையில் கோடை மாதங்களில் அது 24-ஐத் தாண்டுவது வழக்கம்.

வெப்பத்தையும் ஈரத்தையும் ஒன்றாக அளப்பது ஈரக்குமிழ் வெப்பநிலை: ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காற்றோட்டத்தில் காட்டும் எண். அது 35 டிகிரியை எட்டினால், நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று ஸ்டீவன் ஷெர்வுட்டும் மேத்யூ ஹூபரும் 2010-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பின்னர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வக சோதனைகளில், ஈரமான சூழலில் 31 டிகிரியை ஒட்டியே உடல் தன் சமநிலையை இழக்கத் தொடங்கியது தெரியவந்தது. முதியவர்களுக்கும் வெயிலில் உழைப்பவர்களுக்கும் அந்த எல்லை இன்னும் கீழே.

கடல் தரும் குளிர்ச்சி

கடற்கரை ஊர்களின் புழுக்கத்துக்கு ஈடாகக் கிடைப்பது கடற்காற்று. பகலில் நிலம் வேகமாகச் சூடாகிறது; அதன் மேலுள்ள காற்று எழும்புகிறது; அந்த இடத்தை நிரப்பக் கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நல்ல நாளில் இது நண்பகலை ஒட்டித் தொடங்கி ஏறும் வெப்பத்தை அப்படியே நிறுத்திவிடும். கரையை ஒட்டியவர்களுக்கு முதலில், பல கிலோமீட்டர் உள்ளே இருப்பவர்களுக்கு மாலையில். சென்னையில் கரையோரப் பெசன்ட் நகரும் உள்ளே தள்ளியிருக்கும் பூவிருந்தவல்லியும் ஒரே மாநகரத்தின் பகுதிகளாக இருந்தும், மே மாதப் பகல் இரண்டிலும் ஒன்றல்ல.

கடற்காற்றை நம்பமுடியாத நாட்களும் உண்டு. மே இறுதியில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுத்தால் அது கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சென்னையில் சூரியன் நேர் உச்சியில் நிற்பது ஏப்ரல் கடைசி வாரத்தில்தான். ஆனாலும் கத்திரி வெயில் மே மாதத்தில் உச்சம் பெறுவதற்கு, அதற்குள் காய்ந்துபோகும் நிலமும் இந்த மேற்குக் காற்றும் காரணம். உப்புக்காற்று இரும்பையும் குளிர்சாதனத்தின் வெளிப்பகுதியையும் அரிப்பது கடலோர வாழ்வின் நிரந்தரச் செலவு.

உயரம் தரும் குளிர்ச்சி

வளிமண்டலத்தில் மேலே போகப்போக, சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. எழும்பும் காற்று அழுத்தம் குறைந்து விரிவதால் குளிர்கிறது. கொழும்பின் ஆண்டுச் சராசரி 27 டிகிரியைத் தாண்டும். ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் அது சுமார் 16. கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வருகிறது. இதை வைத்து எந்த ஊரின் குளிர்ச்சியையும் முன்கூட்டியே மதிப்பிடலாம். சுமார் 1,500 மீட்டரில் இருக்கும் ஏற்காடு, அடிவாரத்துச் சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும்.

காலநிலைக்காகவே ஊர்கள் உருவான கதை தமிழ்நாட்டு மலைகளில் இருக்கிறது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் ஐரோப்பியக் குடியேற்றம் தொடங்கியது. பிற்பாடு அது சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரமாயிற்று. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தப்ப 1845-இல் கோடைக்கானலில் வீடு கட்டினார்கள். அதே மலையில் 1899-இல் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டதற்கும் காரணம் தெளிவான வானமே. இந்த இடங்களில் தோடர், படகர், பளியர் போன்ற மக்கள் அதற்கு வெகு காலம் முன்பே வாழ்ந்து வந்தார்கள் என்பதை இந்தக் கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

மலைவாழ்வுக்கு விலை உண்டு. 2,240 மீட்டர் உயரத்து உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கும். இதய, நுரையீரல் நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் அங்கே குடியேறக் கூடாது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. மாதக்கணக்கில் வெயில் காணாத சுவரில் பூஞ்சை படரும். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆகாது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தெளிந்த இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் உறைபனி புல்வெளிப் பள்ளங்களில் வெண்மையாகப் படிவதும், சற்று மேலே உள்ள சரிவு தப்பிப்பதும் இதனால்தான். மலையில் மனை பார்ப்பவர் பள்ளத்தாக்கின் அடியைவிட நடுச்சரிவை விரும்புவது நியாயம். ஆனால் சரிவு எந்த அளவுக்கு வெட்டப்பட்டது, எந்தத் திசையைப் பார்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெய்த மழையில் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

மழை எந்த மாதம், எந்தப் பக்கம்

ஒரே மலையின் இரண்டு பக்கமும் ஒரே மழையைப் பெறுவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி எழும்பிக் குளிர்ந்து அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. தாண்டி இறங்கும் காற்று சூடாகி வறண்டுவிடும். வால்பாறையில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். மலைக்கு இந்தப் பக்கம் கோயம்புத்தூரில் 700-ஐ ஒட்டியே. நீலகிரிக்குள்ளேயே கூடலூர் ஆடியில் நனையும். குன்னூரும் கோத்தகிரியும் ஐப்பசியில் நனையும்.

மலையில் இடைவெளி இருந்தால் கதை மாறுகிறது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளுக்கு மழையைக் கொஞ்சமாகவும் குளிர்ச்சியை நிறையவும் தருகிறது. சமவெளியின் பிற பகுதிகள் ஜூன் மாதத்தில் கொதித்துக்கொண்டிருக்க, கோவையில் கோடை முடிந்திருக்கும். செங்கோட்டைக் கணவாயால் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் சாரல். ஆரல்வாய்மொழிக் கணவாயால் முப்பந்தலுக்குக் காற்றாலைகள். தமிழ்நாட்டில் காற்றாலை வரிசையைக் கண்டால், ஆடி மாதத்தில் அங்கே வாழ்பவருக்குப் புழுக்கமில்லை, புழுதி உண்டு என்று தயங்காமல் சொல்லலாம்.

தொழில்கள் இந்த வித்தியாசங்களை எப்போதோ கண்டுகொண்டன. மழை குறைந்து, வெயில் நீண்டு, காற்று வறண்டிருப்பதால் தூத்துக்குடியில் உப்பளங்கள்; அதே வறட்சியால் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும்.

கிழக்குக் கரைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் ஏறத்தாழ அறுபது சதவீதம் இந்த மூன்று மாதங்களில் வருகிறது. அதுவும் தினமும் சீராக அல்ல, சில தாழ்வுமண்டலங்களிலும் புயல்களிலும். இங்கே சராசரியை நம்புவது ஆபத்து. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. 2023 டிசம்பரில் வறண்ட தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்தப் பகுதிக்கு ஓர் ஆண்டு முழுவதும் வழக்கமாகக் கிடைக்கும் மழையைவிட அது அதிகம். இரண்டு வெள்ளங்களுக்கு நடுவில், 2019 கோடையில், சென்னையின் ஏரிகள் வறண்டு மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். ஆகவே ஆண்டு மழை எவ்வளவு என்பதைவிட, ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு பெய்திருக்கிறது, அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போயிற்று என்ற கேள்விகளுக்கே முதலிடம் தர வேண்டும். ஏரியின் நீர்ப்பிடிப்பிலும் சதுப்பு நிலத்திலும் எழுந்த குடியிருப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விலக்குவதே சரி.

ஊருக்குள் ஊர்

வேலை, குடும்பம், விவசாய நிலம் என்று கட்டுண்ட பெரும்பான்மை மக்களால் காலநிலைக்காக ஊர் மாற முடியாது. ஆனால் ஊருக்குள் இடத்தைத் தேர்ந்தெடுப்பது பலருக்குச் சாத்தியம்; அதுவும் சில டிகிரி வித்தியாசம் தரும். கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலில் வெப்பத்தை வாங்கி இரவில் விடுவதால் நகரின் நெருக்கமான நடுப்பகுதி சுற்றுப்புற கிராமங்களைவிடச் சூடாக இருக்கிறது. இதை நகர்ப்புற வெப்பத்தீவு என்பார்கள். மரங்கள் நிறைந்த தெரு நிழலோடு, இலைகள் வெளிவிடும் நீராவியாலும் குளிர்கிறது. வாடகை வீடு தேடுபவருக்கு அந்தத் தெருவில் உள்ள புங்கனும் வேம்பும் உண்மையான வசதிகள்.

வீட்டின் திசையும் முக்கியம். ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுவரை சென்னையில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நகர்ந்துவிடும். தெற்குச் சுவருக்குக் கோடையில் பெரிய சூடு இல்லை. துன்பம் தருவது மேற்குச் சுவர். மூன்று மணி வெயிலைச் சாய்வாக வாங்கி இரவு வரை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழேயுள்ள தளமும் அப்படியே. ஒரே குடியிருப்பில் கிழக்குப் பார்த்த நடுத்தளமும் மேற்குப் பார்த்த கடைசித் தளமும் மே மாத இரவில் வேறுவேறு ஊர்களைப்போல் இருக்கும்.

உடல் ஓரளவு பழகிக்கொள்ளும். புதிய வெப்பத்துக்கு வியர்வைச் சுரப்பிகளும் இரத்த ஓட்டமும் ஒன்றிரண்டு வாரத்தில் ஒத்துப்போகின்றன. வயதானவர்களுக்குத் தாகமும் வியர்வையும் குறைவதால் அந்தப் பழக்கம் மெதுவாகவே வரும். ஓய்வுக்குப் பிறகு வாழ ஊர் தேடுபவர்கள் இளமையில் தங்களுக்குப் பிடித்த வெயிலை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

நகரும் அளவுகோல்

30 ஆண்டுச் சராசரி கடந்த காலத்தைச் சொல்கிறது. வீடோ வரப்போகும் 30 ஆண்டுகளுக்கானது. 2011–2020 காலத்தில் பூமியின் மேற்பரப்பு, தொழில்மயத்துக்கு முந்தைய காலத்தைவிடச் சுமார் 1.1 டிகிரி அதிகமாகச் சூடாகியிருந்தது. 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி என்ற கணக்கில், ஒரு டிகிரி வெப்பம் என்பது 150 மீட்டர் உயரத்தை இழப்பதற்குச் சமம். 2016 ஏப்ரல் 24 அன்று பெங்களூரில் 39.2 டிகிரி பதிவானது. ஏரிகளையும் மரங்களையும் இழந்த நகரம் அது என்பதும் உண்மை. இன்று சற்றே தாங்கக்கூடிய ஊரைவிட, இரண்டு டிகிரி கூடினாலும் தாங்கக்கூடிய ஊரைத் தேர்வது நல்லது.

முடிவெடுப்பவருக்கு வேண்டியவை பெரும்பாலும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மாதவாரிப் பதிவுகளில் கிடைக்கின்றன: மே மாதக் குறைந்தபட்ச வெப்பநிலை, ஈரப்பதம், மழை நாட்களின் எண்ணிக்கை, ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை. அருகிலுள்ள நிலையத்தின் எண்களைப் பார்த்துவிட்டு, அந்த ஊரின் மோசமான மாதத்தில் போய்த் தங்க வேண்டும். சமவெளிக்கு மே, கிழக்குக் கரைக்கு நவம்பர், கூடலூர்ப் பக்கத்துக்கு ஜூலை, உதகைக்கு ஜனவரி. முடிந்தால் வாங்குவதற்கு முன் ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது, எந்தத் தரகரின் வார்த்தையைவிடவும் நம்பத்தக்கது.